விண்கலத்தின் செவியைச் சோதித்தவர்

விண்வெளிப் பயணம் என்றதும் நம் மனக்கண் முன்னே தோன்றுபவர் விண்வெளி வீரரே. அத்திட்டங்களிலே தொழில் புரியும் பொறியியலாளரை நாம் அதிகம் நினைப்பதில்லை. அவருடைய காலத்தின் பெரும்பகுதி சோதனை செய்வதிலும் ஐயுறுவதிலுமே கழிகின்றது. தொலைவிலுள்ள கிரகமொன்றுக்கு ஏவப்பட்ட கலத்தைத் திருத்துவதற்கு எவரும் பின்னே செல்ல இயலாதன்றோ?

காசினி என்னும் அமெரிக்க விண்கலம் 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் சனிக்கிரகத்தை நோக்கி ஏவப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவகத்தின் ஹைகன்ஸ் என்ற ஆய்கலம் அதனோடு ஒட்டிச் சென்றது. சனியின் துணைக்கோளாகிய டைட்டனிலே பரசூட் விரித்து இறங்குவதே ஹைகன்ஸின் வேலை. சிறிய கலமாகையால், தான் அறிந்தவற்றை நேரே பூமிக்கு அனுப்பும் வலிமை அதற்கில்லை. மேலே செல்லும் காசினி அவற்றைக் கேட்டு, சேமித்துப் பின்னர் நமக்கு அனுப்பவேண்டும். எனவே காசினியிலிருந்த வானொலி வாங்கியே இம்முயற்சி முழுவதற்கும் செவியாக அமைந்தது.

அந்தச் செவி ஏவுதலுக்கு முன்னர் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. அதற்கு வேண்டிய வேலையும் செலவும் மிகுதியென்று கருதிவிட்டனர். ஜேர்மனியின் டார்ம்ஸ்டாற் நகரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்திலே பணியாற்றிய போரிஸ் சிமெட்ஸ் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளருக்கு இது மனநிறைவு தரவில்லை. பறந்துகொண்டிருந்த கலத்துக்கு எளிய அலையொன்றை அனுப்பிப் பார்த்தாற் போதும் என்றனர் சிலர். டைட்டனில் இறங்கும்போது எத்தகைய செய்தி எத்தகைய மாறுதல்களோடு வருமோ, அதனையே அனுப்பிப் பார்க்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சகாக்கள் சிலர் துணை நின்றனர்.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் ஹைகன்ஸாக நடித்தது. அலை காசினியைச் சேர்ந்தது. ஆனால் அதிலிருந்த செய்தியோ சிதைந்து போயிருந்தது.

காரணம் என்ன? நம்மை நோக்கி விரையும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்த சுருதியிலே கேட்பதை நேயர்கள் அறிவார்கள். இதனை டொப்ளர் விளைவு என்பர். அவ்வண்டியிலே ஒருவர் தவில் வாசிக்கின்றார் என்று கொள்வோம். சுருதி மட்டுமா உயரும்? அடிகளும் சற்று நெருங்கியே நம் காதை அடையும். காசினியின் வாங்கியை அமைத்தவர்கள் சுருதியின் மாற்றத்துக்கு இடம் வைத்தார்கள். அடிகளின் நெருக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. இரு கலங்களும் விநாடிக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கவிருந்தன. அதனால் உண்டாகும் மாற்றம் இலட்சத்தில் இரண்டு பங்குதான். ஆயினும் பழைய காலப்பிரமாணத்திலே தாளம் போட்டுக்கொண்டிருந்த வாங்கி தவறிப்போக அது போதுமாயிருந்தது.

இது பூமியிலுள்ள கருவியாயின் சில எண்களை மாற்றினாற் போதும். விண்ணிலிருந்த வாங்கியிலோ அவை மாற்ற முடியாதவாறு பதிக்கப்பட்டிருந்தன.

கருவியை மாற்ற முடியாதெனில் பாதையை மாற்றலாமே! பொறியியலாளர்கள் கண்ட இவ்வழியே இக்கதையில் மிகவும் வியக்கத்தக்கது. நேர் எதிரே வரும் வண்டியின் சுருதி மிகவும் மாறும். வெகு தொலைவிலே நமக்குக் குறுக்காகச் செல்லும் வண்டியின் சுருதி அவ்வளவு மாறாது. டைட்டனுக்கு 1,200 கிலோமீற்றர் உயரத்திலே செல்லவிருந்த காசினியை, ஏறத்தாழ 60,000 கிலோமீற்றருக்கு அப்பால் செல்லுமாறு திருப்பினர். இறங்கும் நாளும் பல வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது.

2004 டிசம்பர் 25ஆம் நாள் பிரிந்த ஹைகன்ஸ், 2005 ஜனவரி 14ஆம் நாள் டைட்டனின் தரையிலே அமர்ந்தது. பாகை 180 அளவுக்கு உறைநிலைக்குக் கீழான அக்குளிரிலே உருண்டை உருண்டையாய்க் கிடந்த பனிக்கட்டிக் கற்களின் படத்தை மனிதர் முதன்முதலாகக் கண்டனர்.

இவ்வளவு விழிப்போடிருந்தும் மற்றுமொரு வழு நேர்ந்தது. ஹைகன்ஸ் இரண்டு வழிகளிலே செய்தி அனுப்பிற்று. அவற்றில் ஒன்றற்குரிய வாங்கியை இயக்கும் கட்டளை காசினிக்குரிய நிரலிலே விடுபட்டுப்போயிற்று. படங்கள் இரு வழிகளுக்கும் பகிரப்பட்டிருந்தமையால், ஏறத்தாழ 350 படங்கள் கிடைத்தன. அவ்வளவு படங்கள் இழக்கப்பட்டன. அவ்வழியை நம்பியிருந்த காற்றுவேக அளவீடும் போயிற்றென்றே எண்ணினர். ஆனால் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலுமிருந்த பெரிய வானொலித் தொலைநோக்கிகள், ஹைகன்ஸின் மெல்லிய அலையைப் பூமியிலிருந்தவாறே கேட்டுவிட்டன. அவ்வலையின் சுருதி மாற்றத்தைக் கொண்டே டைட்டனின் காற்றினது வேகம் கணிக்கப்பட்டது.