39ஆவது பிரிவுக்கு யார் பணம் கட்டுவது?

அம்பாசமுத்திரத்திலோ மேலப்பாளையத்திலோ ஐம்பது கிராம் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபடும் இருபது வயதுப் பையனைச் சட்டம் பெரிய கடத்தல்காரனாகப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ வரை அதன் கணக்கில் 'சிறு அளவு'. உச்ச தண்டனை ஓராண்டு. மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க வழக்குகள்தான் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும் என்பதால், இவன் வழக்கை உள்ளூர்க் குற்றவியல் நடுவரே விசாரிப்பார். அந்த நடுவருக்கு 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. குற்றம் உறுதியான பிறகும், பையன் போதைக்கு அடிமைப்பட்டவன் என்று தெரிந்தால், உடனே சிறைக்கு அனுப்பாமல், அவன் சம்மதத்தோடு அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் அவன் மருத்துவ அறிக்கையோடு நீதிமன்றத்துக்குத் திரும்பி வர வேண்டும். இது 39ஆவது பிரிவு. தானே முன்வந்து சிகிச்சையை முடிப்பவன் மீது இத்தகைய சிறு குற்றங்களுக்கு வழக்கே நடத்த வேண்டாம் என்கிறது 64ஏ பிரிவு. சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பிக் கண்காணிக்கும் அமெரிக்காவின் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் மயாமியில் தொடங்கியது 1989இல். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் அவர்களுக்கு முந்தியவர்கள். பிரிவு இருக்கிறது, அதை நடத்திக்காட்டப் பணம் ஒதுக்கியவர் யாரும் இல்லை.

போதை வழக்குகள் குவிந்த பஞ்சாபில் 2013 முதல் 2015 வரை நடந்த வழக்குகளை விதி சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்து, 2018இல் அறிக்கை வெளியிட்டது. ஆராய்ந்த வழக்குகளில் ஒருவரைக்கூட நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கவில்லை. நீதிபதிகளுக்கு இரக்கம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் நடுவரின் மேசையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். இவன் அடிமைப்பட்டவனா, நண்பர்களோடு எப்போதாவது புகைப்பவனா என்று சொல்ல ஒரு மனநல மருத்துவர் வேண்டும். அனுப்ப ஒரு கட்டில் வேண்டும். அவன் போகிறானா, பாதியில் ஓடிவிட்டானா என்று பார்த்துச் சொல்ல ஒரு நன்னடத்தை அலுவலர் வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்குச் செலவாகும். ஆற்றுப்படுத்துநருக்குச் சம்பளம் வேண்டும். இவை ஒன்றுமே இல்லாமல் 39ஆவது பிரிவின்படி உத்தரவு போடும் நடுவர், ஒருவனைச் சும்மா வெளியே விட்டதாகத்தான் ஊர் பேசும்.

தமிழக அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குத் தானாக வருபவர் வேறு, நீதிமன்றம் அனுப்புபவர் வேறு. கஞ்சாவுக்கு மாற்று மருந்து கிடையாது. மாதக்கணக்கில் பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையனுக்கு மருந்து உண்டு, ஆனால் நெடுநாள் தர வேண்டும். இரண்டு வாரம் படுக்க வைத்து அனுப்புவதோடு இது முடியாது. அரசு இதைச் செய்யாவிட்டால் சுமை எங்கே போய் விழும் என்பதும் தெரிந்ததே. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் தாய், வக்கீல் பீஸுக்கும் தனியார் மறுவாழ்வு மையத்துக்கும் கம்மலை அடகு வைப்பாள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெறாமல் நடக்கும் மையங்களில் அடி உதை நடப்பதும் செய்திகளில் வரத்தான் செய்கிறது.

குற்றவாளிக்கு எதற்கு மக்கள் பணம் என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போதையில் வெட்டுக்குத்தில் இறங்குபவனால் பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் சிகிச்சையைப் பற்றிப் பேச நாக்கு எழாது. ஆனால் இங்கே கேட்பது அவனுக்காக அல்ல. 39ஆவது பிரிவு போதைப்பொருளைப் பயன்படுத்தியவருக்கும் சிறு அளவு வைத்திருந்தவருக்கும் மட்டுமே. மூட்டையாகக் கடத்துபவர் அதன் நிழலில்கூட ஒதுங்க முடியாது. மேலும், இளங்குற்றவாளிக்குத் தனி வழி என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1925ஆம் ஆண்டு சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 16 வயது முதல் 21 வரை உள்ளவர்களைப் பெரியவர்களின் சிறையில் அடைக்காமல் தனியே வைத்துத் தொழில் கற்பிக்கச் சொன்னது. இன்று பாளையங்கோட்டை மத்திய சிறையாக இருக்கும் இடமே ஒரு காலத்தில் போர்ஸ்டல் பள்ளியாக இயங்கியது. அன்றைய வெள்ளைக்கார அரசு கருணையால் அதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. பழைய கைதிகளோடு அடைத்தால் சிறு திருடன் பெரிய திருடனாக வெளியே வருவான் என்ற கணக்குத்தான். கஞ்சா விஷயத்தில் அந்தக் கணக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்: சிறையில் அவனுக்குக் கிடைப்பது வியாபாரத் தொடர்பு.

சிறைக்குப் பதில் சிகிச்சை என்ற இந்த வழி பலிக்குமா என்பது அதைவிடக் கனமான கேள்வி. அமெரிக்கப் போதைப்பொருள் நீதிமன்றங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, மறுபடி குற்றத்தில் சிக்குவோர் விகிதம் 50 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 38 ஆகக் குறைவதாகக் கணித்தது. சிறாருக்கான நீதிமன்றங்களில் இறக்கம் மிகக் குறைவு, 44க்கு அருகில்தான். இந்த இரண்டாவது எண்ணை மறைத்துவிட்டு முதல் எண்ணை மட்டும் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவுகிறது. அடிமைப்படாத பையனையும் சேர்த்துக்கொண்டு வாராவாரம் நீதிமன்றத்துக்கு இழுத்தால் பலன் குறையும், பணமும் வீணாகும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். எனவே நெல்லையில் பிடிபடும் எல்லோரையும் மையத்தில் தள்ளுவதற்கு நிதி கேட்கக் கூடாது. முதலில் மருத்துவப் பரிசோதனை. எப்போதாவது புகைப்பவனுக்கு எச்சரிக்கை போதும். சார்ந்துவிட்டவனுக்கு மட்டும் முழுத் திட்டம்.

பணம் எங்கே என்று கேட்கத் தமிழ்நாட்டுக்கு உரிமை இல்லை. 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 48 கோடி; 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஒன்றேகால் கோடிக்குமேல் வரும். புதுக் கட்டடமோ புது நீதிமன்றமோ கேட்காத திட்டத்துக்கு இது கௌரவமான தொடக்கம். மதுவில் வந்த பணத்தைக் கஞ்சாவுக்கு ஏன் செலவிட வேண்டும் என்றால், இரண்டும் வந்து சேரும் வார்டு ஒன்றுதான்.

பணத்தை எந்தத் துறையிடம் கொடுப்பது என்பதில்தான் திட்டம் தடுக்கி விழக்கூடும். சிகிச்சை சுகாதாரத் துறையிடம், நன்னடத்தை அலுவலர் சிறைத் துறையிடம், வருவாய் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம், நடுவரோ உயர் நீதிமன்றத்தின் கீழ். நால்வரில் யாரிடம் கொடுத்தாலும் மற்ற மூவர் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள். மாவட்ட நீதிபதி தலைமையில் இயங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இதற்குப் பொருத்தமான இடம். போதையால் பாதிக்கப்பட்டோருக்கு உதவத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2015இலேயே தனித் திட்டம் வகுத்திருப்பதால், புதிதாக அதிகாரம் கேட்டு அலையவும் வேண்டாம். நெல்லை மாவட்டத்தில் ஒரே ஒரு நடுவர் நீதிமன்றத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்கி இரண்டாண்டு நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் மறுபடி பிடிபட்டார்கள் என்ற மூன்று எண்களையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை நிபந்தனையாக்கிவிட்டே அடுத்த தவணையை விடுவிக்கலாம்.