புதிய ரூட்டரும் பழைய பிரிண்டரும்

நெசவாளராயினும், கரும்பும் நிலக்கடலையும் பயிரிடும் விவசாயியாயினும், நம் அங்கத்தினரில் பலர் இன்று வீட்டில் ஒரு சிறு பிரிண்டர் வைத்திருக்கின்றனர். பில், ரசீது, பட்டா-சிட்டா நகல், பிள்ளைகளின் பள்ளித் தாள்கள் ஆகிய யாவும் அதன் வழியே அச்சாகின்றன. அப்பிரிண்டர் ஒருநாள் திடீரென வாய் மூடிவிட்டால் என்ன செய்வது என்று பலர் நம்மைக் கேட்டுள்ளனர். அது பற்றி இம்மாதம் சிறிது விளக்கமாக எழுத விரும்புகிறோம்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முந்திய வாரம் நடந்தது இது. நம் சங்கத்தின் பில்களை வீட்டிலிருந்தபடியே தயாரித்துத் தரும் அம்மையார் ஒருவர் திருத்தணியில் இருக்கிறார். பழைய இணைப்பை மாற்றி, கண்ணாடி இழை இணைப்பும் புதிய ரூட்டரும் அவர் வீட்டில் பொருத்தப்பட்டன. கைபேசி முன்னிலும் விரைவாக வேலை செய்தது; பிரிண்டர் மட்டும் அசையவில்லை. எல்லைக்கு அப்பால் புத்தூருக்குச் செல்லவேண்டிய லுங்கிக் கட்டுகள் வண்டியில் ஏறிவிட்டன. சரக்கு மாநில எல்லையைக் கடக்கையில் பில் உடன் செல்லவேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில்லும் வேண்டும். பில் இல்லையேல் வண்டி நகராது. வண்டி நகராவிடில் பணம் வராது. பணம் வராவிடில் சனிக்கிழமைக் கூலி இல்லை. ஒரு சிறு பெட்டியின் மௌனம் இருபது குடும்பங்களின் அடுப்புவரை எட்டிவிட்டது.

புதிய பிரிண்டர் வாங்கிவிடலாம் என்றார் மகன். இணையத்தில் கிடைத்த ஓர் எண்ணுக்குப் பேசியபோது, மறுமுனையில் இருந்தவர் முதலில் பணம் கேட்டார். பிறகு கைபேசியில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார். அம்மையார் ஐயுற்று, பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது மிகவும் சரி. உண்மையில் அந்தப் பிரிண்டருக்கு எந்தக் கோளாறும் இல்லை.

அப்படியானால் அது ஏன் பேசவில்லை? நம் ஊரின் வரலாற்றிலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1953-ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அம்மாநிலத்தில் சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதியன்று அது சென்னை மாநிலத்திற்கு வந்தது. மலை நகரவில்லை, படிகள் நகரவில்லை, கடிதத்தின் மேல் எழுதும் விலாசம் மட்டும் மாறியது. பழைய விலாசமிட்டுக் கடிதம் வந்தாலும், விவரமறிந்த தபால்காரர் அதை உரியவரிடம் சேர்த்திருப்பார். பிரிண்டருக்கு அந்த விவேகம் இல்லை. பழைய ரூட்டரின் பெயரும் கடவுச்சொல்லும் அதன் நினைவில் பதிந்துள்ளன. அந்தப் பெயரையே அது நாளெல்லாம் தேடிக்கொண்டிருக்கும். அருகிலேயே புதிய ரூட்டர் இருந்தாலும், வேறு பெயருடைய அதனிடம் தானாகச் செல்லாது. ஆகவே நாம் செய்யவேண்டியது பழுது பார்த்தலன்று, புதிய விலாசத்தைச் சொல்லிக் கொடுத்தலே.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மிக எளியது. தறியில் பாவு தீர்ந்தால், நாம் தறியைக் கழற்றி எறிவதில்லை. பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை முடிந்து நெசவைத் தொடர்கிறோம். அதுபோலவே, புதிய ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வைத்துவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி, எண் ஆகிய யாவும் முன்பு இருந்தபடியே இருத்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிரிண்டர் அதை அந்நியமாகவே கருதும். ரூட்டரைப் பொருத்த வரும் ஊழியர் வீட்டில் இருக்கும்போதே இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. பிரிண்டர் மட்டுமின்றி, கைபேசி, தொலைக்காட்சி ஆகியவையும் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் பழைய கடவுச்சொல் தெருவில் பலருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்தால், அதை விட்டொழித்து இரண்டாம் வழியைக் கைக்கொள்வதே விவேகம்.

இரண்டாவது வழி, பிரிண்டருக்குப் புதிய பெயரைக் கற்பித்தல். முகத்தில் சிறு திரையுள்ள பிரிண்டரானால், அதன் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் என்பதைத் திறந்து, வயர்லெஸ் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், அருகிலுள்ள ரூட்டர்களின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். நம் வீட்டுப் பெயரைத் தொட்டு, கடவுச்சொல்லை இடவேண்டும். திரையில்லாத சிறு பிரிண்டர்களில் பலவற்றுக்கு வேறு முறை உண்டு. ரூட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்று எழுதிய பொத்தானை அழுத்தி, 2 நிமிடங்களுக்குள் பிரிண்டரில் அதற்குரிய பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பெட்டியுடன் வந்த சிறு புத்தகத்தில் அது இருக்கும். பொத்தான் முறை பலிக்காவிடில், பிரிண்டரைச் செய்த நிறுவனத்தின் சொந்தச் செயலியைக் கைபேசியில் ஏற்றி, அதன் வழியே இணைக்கலாம்.

இவ்வளவு செய்தும் புதிய ரூட்டரின் பெயரே பிரிண்டரின் கண்ணில் படவில்லை என்று சிலர் சொல்வர். இதற்குக் காரணம் அலைவரிசையாகும். பழைய வானொலிப் பெட்டியில் மத்திய அலை, சிற்றலை என்று இருந்ததைப்போல, இன்றைய ரூட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் பொதுவாக உள்ளன. முன்னது வேகம் குறைந்தது. ஆயினும் சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவரில் விரைவில் வலுவிழக்கும். வீட்டுப் பிரிண்டர்களில் பல முன்னதை மட்டுமே கேட்கவல்லவை. எனவே ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே பெயரில் இருந்து குழப்பம் தந்தால், தனித்தனிப் பெயர் வைத்துவிடலாம். ரூட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் இருந்தாலும் பழைய பிரிண்டர் திகைத்து நிற்கும்; டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் அனுமதித்தால் சரியாகிவிடும். பாதுகாப்பே இல்லாமல் திறந்துவிடுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

பிரிண்டர் ரூட்டரோடு சேர்ந்த பின்னும், கணினி ‘ஆஃப்லைன்’ என்று காட்டக்கூடும். ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்ணை விலாசமாக வழங்குகிறது. முன்பு 192.168.0.5 என்றிருந்தது, இப்போது 192.168.1.7 என்று மாறியிருக்கலாம். கணினியோ பழைய எண்ணுக்கே ஓலை அனுப்பிக்கொண்டிருக்கும். இந்நிலையில் கணினியின் செட்டிங்ஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்ற இடத்திற்குச் சென்று, பழைய பிரிண்டரை நீக்கி மீண்டும் சேர்த்தால் போதும். நீக்குவதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் வேலைகளை ரத்துசெய்ய மறக்கலாகாது. அச்சாகவில்லையே என்று பத்துமுறை பொத்தானை அழுத்தியிருந்தால், இணைப்பு வந்தவுடன் ஒரே பில் பத்துத் தடவை வெளிவந்து, தாளும் மையும் வீணாகலாம். கைபேசியோ கணினியோ ரூட்டரின் ‘கெஸ்ட்’ இணைப்பில் இருந்தாலும் பிரிண்டர் தென்படாமல் போகலாம். விருந்தினரை உள்ளறைக்குள் விடாமல் திண்ணையோடு நிறுத்துவதே அந்த இணைப்பின் ஏற்பாடு. இரண்டும் ஒரே பெயரில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

வண்டி வாசலில் நிற்க, இவற்றையெல்லாம் செய்ய நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பெரும்பாலான பிரிண்டர்களின் பின்புறத்தில் யு.எஸ்.பி. கம்பி செருகும் சதுரத் துளை ஒன்றுண்டு. அக்கம்பியால் கணினியோடு நேரே பிணைத்தால், ரூட்டரின் தயவின்றியே அச்சாகிவிடும். விலையிலும் அது பெரிய பொருளன்று. அன்று புத்தூர் வண்டியைப் புறப்படச் செய்ததும் அண்டை வீட்டிலிருந்து வாங்கிவந்த அத்தகைய கம்பி ஒன்றுதான். கம்பியும் இல்லையேல், பில்லை பி.டி.எஃப். வடிவில் சங்க அலுவலகத்திற்கு அனுப்பி அங்கே அச்சிட்டுக்கொள்ளலாம். ரூட்டர் வேலையை மறுநாள் பொறுமையாகப் பார்க்கலாம்.

பணத்தைக் காக்கும் எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும். பிரிண்டர் நிறுவனத்தின் உதவி எண் என்று இணையத்தில் தேடினால் கிடைப்பவற்றில் மோசக்காரர் போட்டுவைத்த எண்களும் உள்ளன. பெட்டியிலோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ள எண்ணை மட்டுமே நம்பவேண்டும். முன்பணம் கேட்பவரிடமும், உங்கள் கைபேசியைத் தாம் இயக்கும்படி ஒரு செயலியை ஏற்றச் சொல்பவரிடமும், ஓ.டி.பி. கேட்பவரிடமும் உடனே பேச்சை முறித்துவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால், சற்றும் தாமதியாது 1930 என்ற எண்ணில் முறையிடவேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ரூட்டரின் பெயர், கடவுச்சொல், பிரிண்டரின் மாதிரிப் பெயர், அதை இணைத்த முறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். இது மகனுக்கு மட்டுமே தெரியும் என்றிருந்தால், மகன் வெளியூர் சென்ற நாளில் வேலை நின்றுபோகும். கணக்கைப் பலரும் பார்த்து அறியும்படி எழுதிவைப்பது கூட்டுறவின் பழைய வழக்கம். 1904-ல் நம் திருவள்ளூர் வட்டாரத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலந்தொட்டு அவ்வழக்கமே நம்மை நடத்தி வருகிறது. வீட்டு யந்திரத்திற்கும் அதுவே பொருந்தும். மேற்சொன்ன அம்மையார் இப்போது அந்த நோட்டை எழுதி வைத்துள்ளார். அண்டையில் இரு வீடுகளுக்கு அவரே சென்று பிரிண்டரை இணைத்துக் கொடுத்தும் இருக்கிறார். கற்றதை அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கும் இந்நற்பழக்கத்தை அங்கத்தினர் யாவரும் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.