போனில் இருக்கும் கையேடு நம் கையில் புத்தகமாக



முன்பெல்லாம் பயிற்சி முடிந்தால் கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். இப்போது "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டோம், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தையல் மெஷின் வாங்கினாலும் சரி, ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போனாலும் சரி, விவரமெல்லாம் பிடிஎஃப் ஆகத்தான் வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் பயிர்க் குறிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன.

நல்ல விஷயம்தான். ஆனால் நம்மில் பல பேர் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும், அல்லது பிள்ளையோடு கல்லூரிக்குப் போய்விடும். மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்போதோ, ஆட்டுக்குக் கழிச்சல் கண்டபோதோ பார்க்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. அலமாரியில் ஒரு புத்தகம் இருந்தால் யாரையும் கேட்டு நிற்க வேண்டாம்.

"பிரிண்ட் எடுத்தா செலவாகுமே மேடம்?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செலவைக் குறைப்பது எப்படி?

ஒரு தையல் மெஷின் கையேடு 96 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒரு பக்கம் அச்சடிக்க 2 ரூபாய், ஸ்பைரல் போட 40 ரூபாய் என்றால், முழுவதும் எடுக்க 232 ரூபாய் ஆகும்.

முழுவதும் நமக்குத் தேவையா? பல கையேடுகளில் ஒரே விவரம் இரண்டு மூன்று மொழிகளில் இருக்கும். நூல் கோர்ப்பது, பாபின் சுற்றுவது, ஊசி மாற்றுவது, எண்ணெய் விடுவது, கோளாறு அட்டவணை ஆகியவை மட்டும் போதும். அது 24 பக்கம் வரும் என்று வையுங்கள்.

அதை 'புக்லெட்' முறையில் எடுக்கச் சொல்லுங்கள். ஏ4 தாளின் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் என ஒரு தாளில் 4 பக்கம் வரும். 24 பக்கத்துக்கு 6 தாள்தான். இருபுறமும் சேர்த்து 12 முறை அச்சு, ஆக 24 ரூபாய். பைண்டிங் நம் கையால்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை

1. எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று வீட்டிலேயே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் ஒரு தாள் மட்டும் அடித்து, மடித்துப் பாருங்கள். பின்பக்கம் தலைகீழாக வருகிறதா, எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கத்தைச் சிறிதாக்கினால் தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும் சில நேரம் தெரியாது. அப்படியானால் முழு ஏ4 அளவிலேயே எடுப்பது நல்லது.

3. அடுப்படி, ஆட்டுக்கொட்டகை போன்ற ஈரமான இடத்தில் வைப்பதானால் லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

4. தேவையான பிடிஎஃப்பை மட்டும் அனுப்புங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால் லாக் அவுட் செய்துவிட்டே கிளம்புங்கள். இல்லையென்றால் நம் செய்திகள் அங்கே தெரிந்துகொண்டே இருக்கும்.

தைப்பது எப்படி?

ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை இல்லை. தாள்களை வரிசையாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பழைய காலண்டர் தாளையோ காக்கி அட்டையையோ மேலட்டையாக வையுங்கள். பிறகு விரித்து, மடிப்புக் கோட்டில் நடுவே ஒரு துளை, அதற்கு மேலும் கீழும் 6 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை, ஆக மூன்று துளை கோணி ஊசியால் போடுங்கள்.

மெஷின் நூலை நான்கு இழையாக்கிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே விடுங்கள். நூல் நுனியைக் கொஞ்சம் உள்ளே விட்டுவையுங்கள். மேல் துளை வழியே உள்ளே வாங்கி, கீழ்த் துளை வழியே வெளியே விட்டு, மறுபடி நடுத் துளையில் உள்ளே கொண்டுவாருங்கள். நடுவில் ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் நுனிகள் நிற்கும். இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டால் முடிந்தது.

15 தாளுக்கு மேல் போனால் மடிப்பு புடைத்துக்கொள்ளும். இரண்டு புத்தகமாகப் பிரித்துவிடுங்கள். முழு ஏ4 தாளாக எடுத்திருந்தால், இடது ஓரத்தில் இடம் விட்டு, துளையிட்டு, பழைய கணக்கு நோட்டு போல ஓரத்தில் தையுங்கள்.

தேதி எழுத மறக்காதீர்கள்

போனில் புதிய கையேடு வந்துவிடும், நம் புத்தகம் அப்படியே இருக்கும். எண்டோசல்பான் பூச்சிமருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு முந்தைய கையேட்டை வைத்திருப்பவர் இன்றும் அந்தப் பெயரைப் படிக்க நேரலாம். எனவே யார் வெளியிட்டது, எந்த ஆண்டு என்பதை மேலட்டையில் எழுதுங்கள். மருந்து அளவு, திட்ட விவரம், கடன் வட்டி போன்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று. நம் உபயோகத்துக்குப் பிரதி எடுப்பது வேறு. பிறர் எழுதிய புத்தகத்தைப் பிரதி எடுத்து விற்பது வேறு. அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் பயன்படும் ஒரு கையேட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் பிரதியைத் தைத்து, குழுவின் பதிவேடுகளோடு வையுங்கள். வேண்டும் என்கிற உறுப்பினர் எடுத்துப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் படித்துச் சொல்லுங்கள்.