வாசலில் கார்... அடகில் செயின்!

நானும், கணவரும் வேலைக்கு போகிறவர்கள். 'தினமும் பஸ்சுல இடிபட வேணாம்மா...' என்று, நான்கு ஆண்டுகளுக்கு முன், தவணையில் கார் வாங்கினார். முன்பணத்துக்காக, என் அம்மா போட்ட மூன்று சவரன் செயினை, 50 ஆயிரம் ரூபாய்க்கு அடகு வைத்தோம்.

தாம்பரத்தில் கிளம்பினால், ஜி.எஸ்.டி., சாலையில் ஊர்ந்து தான் போக வேண்டும். பஸ்சுக்கும் அதே நெரிசல் தான். ஆனால், எங்களுக்கு பெட்ரோலுக்கே மாதம், 5,000 ரூபாய்! ஓராண்டு ஆனதும், 'செயினை மீட்காவிட்டால் ஏலம்' என, நோட்டீஸ் வந்தது. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் கணவரிடம், 'காரை விற்க வேணாங்க... ஆபீசுக்கு மட்டும் பஸ்சுல போவோம்' என்றேன். 'அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?' என முகம் சுளித்தவர், கணக்கு போட்டு காட்டியதும், சம்மதித்தார். 2021 மே முதல், சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு கட்டணம் இல்லை. அவருக்கு மாத பாஸ், 1,000 ரூபாய்.

வட்டியை கட்டி, அடகை புதுப்பித்தோம். மிச்சமான, 4,000 ரூபாயை மாதந்தோறும் சேர்த்தோம். 14வது மாதம், செயின் என் கழுத்துக்கு வந்து விட்டது!

சில நாள் பஸ்சுக்கு அரை மணி நேரம் காத்திருக்கிறோம் தான். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, கார் தான் கை கொடுக்கிறது. கார் வாங்குவது தப்பில்லை தோழியரே... தினமும் ஓட்ட கட்டுப்படியாகுமா என்று, வாங்கும் முன் கணக்கு போட்டு பாருங்கள்!

— ஒரு வாசகி, தாம்பரம்.