கடவுள் கையில் ஒரு தூக்குக்குண்டு

ராஜபாளையத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். சாரத்தில் நிற்கும் கொத்தனாரிடம் வேறு எது இல்லாவிட்டாலும் தூக்குக்குண்டு இருக்கும். ஒரு நூல், அதன் நுனியில் கனமான குண்டு, மேலே நூல் நுழைந்து வரும் சின்னக் கட்டை. அவ்வளவுதான். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆட்டிடையர் இந்தக் கருவியைக் கடவுளின் கையிலேயே பார்த்தார்.

அவர் பெயர் ஆமோஸ். யூதாவில் தெக்கோவா ஊர்க்காரர். ஆடு மேய்த்ததோடு காட்டத்தி மரங்களையும் பார்த்துக்கொண்டவர். செல்வத்தில் கொழித்துக்கொண்டிருந்த வடக்கு இஸ்ரவேலுக்குப் போய், உங்களுக்குத் தீர்ப்பு நெருங்கிவிட்டது என்று அறிவித்தார். அவருடைய நூலில் காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் வெட்டுக்கிளி. அப்புறம் நெருப்பு. இரண்டு முறையும் ஆமோஸ் மன்றாடுகிறார், ஆண்டவர் மனமிரங்குகிறார். மூன்றாவதாக, தமிழ் வேதாகமத்தின்படி, ஆண்டவர் ஒரு மதிலின் மேல் கையில் தூக்குநூலோடு நிற்கிறார். இந்த முறை ஆமோஸ் மன்றாடவில்லை. வெட்டுக்கிளியை விலக்கச் சொல்லிக் கெஞ்சலாம். தூக்குக்குண்டிடம் என்னவென்று கெஞ்சுவது?

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஆமோஸின் மௌனம் புரியும். கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றே. கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்து நூலை இறக்கினால், நேரான சுவரைக் குண்டு மயிரிழையில் உரசும். இடைவெளி தெரிந்தால் சுவரின் உச்சி நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து படுத்தால் உச்சி எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பேட்டரியோ அளவுக்கோடுகளோ கிடையாது. குண்டை யார் வார்த்தார், நூலை யார் திரித்தார் என்பதும் முக்கியமில்லை. ஆடி ஓய்ந்ததும் நூல் காட்டும் திசை ஒன்றே ஒன்றுதான், ஏனென்றால் அதை இழுத்துப் பிடித்திருப்பது பூமி.

அப்படியென்ன, சாய்வைக் கண்ணால் பார்த்தால் தெரியாதா? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று, மேலே கூரையில்லாமல் தனியே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது நேராக நிற்கும்வரை அதன் எடை அடித்தளத்தின் நடுவில் இறங்கும். சாயச் சாய அந்த எடைக்கோடு ஓரத்துக்கு நகரும். நடுவில் உள்ள மூன்று அங்குலத்தைத் தாண்டியதும் எதிர்ப்பக்கத்து அடியில் விரிசல் விடத் தொடங்கும், ஏனென்றால் செங்கல் கட்டு நசுக்கலைத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. கணக்குப் போட்டால், சுவரின் உச்சி மூன்று அங்குலம் விலகினாலே இந்த நிலை வந்துவிடும். பத்தடிச் சுவரில் மூன்று அங்குலம் என்பது ஒன்றரைப் பாகைக்கும் குறைவான சாய்வு. தெருவில் போகிறவர் கண்ணில் அது படாது. விலகல் ஒன்பது அங்குலத்தை எட்டினால் எடைக்கோடு சுவருக்கு வெளியே போய்விடும். அதன் பிறகு விழுவதற்கு நேரம் பிடிக்காது. யூதாவின் இன்னொரு தீர்க்கதரிசியான ஏசாயா, மக்களின் குற்றத்தைப் புடைத்து நிற்கும் உயர்ந்த மதிலுக்கு ஒப்பிட்டு, அது திடீரென்று, கணப்பொழுதில் விழும் என்கிறார். கட்டுமானப் பொறியாளர் சொல்வதும் இதேதான்: வெகுகாலம் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரே நொடியில் நடக்கும்.

உண்மையிலேயே சாய்ந்த சுவர்களும் கிடைத்திருக்கின்றன. ஆமோஸ் பேசியது ஒரு பூகம்பத்துக்கு இரண்டு வருடங்கள் முன்பு என்று அவருடைய புத்தகம் முதல் வரியிலேயே தேதி குறிக்கிறது. 1950-களில் இகயேல் யாதின் தலைமையில் ஆத்சோர் நகரைத் தோண்டியபோது, கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு அடுக்கில் சுவர்கள் விரிந்தும் சாய்ந்தும் கிடந்தன. அது அந்தப் பூகம்பத்தின் தடம் என்று அகழ்வாய்வாளர்கள் கருதினார்கள். வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. சமாரியாவை அளந்த அதே நூல் எருசலேமின் மேலும் பிடிக்கப்படும் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எச்சரிக்கிறது. வேண்டியவர்களுக்கு என்று தனி அளவு கிடையாது.

இனி கொஞ்சம் உயரமான இடத்துக்குப் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது, சுமார் 192 அடி. அதன் உச்சியிலிருந்து ஒரு குண்டைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பத்தடி நூலில் ஆடும் குண்டு ஒரு முறை போய்த் திரும்ப மூன்றரை விநாடி எடுக்கும். 192 அடி நூலில் அதற்கு 15 விநாடி ஆகிவிடும். லேசாகக் காற்று தொட்டாலும் ஓய்வதற்கு வெகுநேரம் பிடிக்கும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: குண்டைத் தண்ணீர் வாளிக்குள் மூழ்கவிட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

அடங்கிய நூல் பூமியின் மையத்தைக் காட்டும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் 9.5 பாகை வடக்கில், நூல் மையத்தை விட்டுச் சற்றே தெற்கே விலகும். கோபுர உயரத்துக்கு அது சுமார் 6 சென்டிமீட்டர். இதைப் பிழை என்று சொல்ல முடியாது. தண்ணீர் மட்டமும் அந்தத் திசையைத்தான் ஒத்துக்கொள்கிறது. சுவருக்குத் தேவையானதும் எடை இறங்கும் திசையே.

குண்டைத் திசைதிருப்ப மலையாலும் முடியும். 1774-இல் வானியலர் நெவில் மாஸ்கலைன் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலையின் இரு பக்கமும் தூக்குநூலைத் தொங்கவிட்டு, நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இருபுறமும் நூல் மலையை நோக்கிச் சாய்ந்திருந்தது. மொத்தச் சாய்வு 11.6 விகலை. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை. பத்தடி நூலில் இது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் துளியிலிருந்துதான் முழுப் பூமியின் அடர்த்தி முதன்முதலாக ஓரளவு சரியாகக் கணக்கிடப்பட்டது.

ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரும் குண்டை இழுக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பது மலையின் அளவோடு முடிந்துவிடுகிற கேள்வி இல்லை. அதைக் காட்டிக்கொடுத்தது இந்திய நில அளவை. 1802-இல் சென்னையில் வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய அந்த வேலை வடக்கே நீண்டபோது, கலியாண்பூர், கலியானா என்ற இரு நிலையங்களுக்கு இடையிலான தூரம் நிலத்தில் அளந்தபோது ஒன்றாகவும் நட்சத்திரம் பார்த்துக் கணித்தபோது வேறாகவும் வந்தது. வேறுபாடு 5.2 விகலை, அதாவது தரையில் சுமார் 160 மீட்டர். இமயமலை குண்டை இழுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டவர் ஜான் ஹென்றி பிராட். அவர் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன், ஆமோஸையும் ஏசாயாவையும் தொழில்முறையாகவே படித்த பாதிரியார்! அவர் கணக்கில் இழுப்பு 15.9 விகலை வந்தது. இவ்வளவு பெரிய இமயம் இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது.

பாக்கி எங்கே போயிற்று? 1855-இல் வானியலர் ஜார்ஜ் ஏரி விடை சொன்னார். தண்ணீரில் மிதக்கும் கட்டையைப்போல, உயர்ந்த மலை தனக்குக் கீழேயும் ஆழமாக இறங்கியிருக்கிறது. அந்த வேர் சுற்றியுள்ள பாறையைவிட லேசானது. மேலே கூடியதைக் கீழே குறைந்தது பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. நிலவியலில் இதற்கு நிலச்சமநிலை என்று பெயர். பின்னாளில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு மலைகளின் அடியைத் துழாவிப் பார்த்தபோது அந்த வேர்கள் அங்கே இருந்தன. இமயத்துக்கும் திபெத்துக்கும் கீழே அவை 70 கிலோமீட்டர்வரை இறங்குகின்றன.