முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம்

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட மோட்டோகிராஸ், மூடிய மண்தடத்தில் பலரும் ஒருசேரக் கிளம்பி, முதலில் முடிப்பவரே வெல்லும் பந்தயம். எண்டூரோவின் இயல்பு வேறு. காடு, மேடு, ஓடை என நீளும் இயற்கைத் தடத்தில், விதிக்கப்பட்ட நேரத்தில் விதிக்கப்பட்ட இடத்தைச் சென்றடையும் திறமையே அதில் சோதிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1913-இல் முதன்முறையாக நடத்தப்பட்டு, 1981 முதல் ‘சர்வதேச ஆறு நாள் எண்டூரோ’ என்னும் பெயரைத் தாங்கிவரும் போட்டி, வண்டியின் உறுதியையும் ஓட்டுபவரின் தாக்குப்பிடிக்கும் வலிமையையும் அளப்பதற்காகவே தோன்றியது. முதன்முறையாகக் களமிறங்குபவர் இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டால், அவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

அமெரிக்காவில் வளர்ந்த ‘நேரக்கணக்கு எண்டூரோ’ இதற்குத் தெளிவான சான்று. 1920-களில் தொடங்கி, வென்றவருக்கு மாட்டுமணியைப் பரிசளித்ததால் பெயர்பெற்ற மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்பைன் பந்தயம் இம்மரபைச் சேர்ந்ததே. இதில் ஒரு நிமிடத்துக்குச் சில பேர் வீதம் அனுப்பப்படுகின்றனர். அந்த நிமிடத்தின் எண்ணே அவர்களது வரிசை எண். பந்தயம் 8 மணிக்குத் தொடங்கினால் 34-ஆம் வரிசையினர் 8:34-க்குக் கிளம்புவர். மணிக்கு 24 மைல் என்பது விதிக்கப்பட்ட சராசரி வேகமானால், 12-ஆவது மைலில் உள்ள சோதனைச் சாவடியை அவர்கள் 9:04-க்கு அடைய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 1 புள்ளி தண்டம். முன்னதாக வந்தாலோ முதல் நிமிடத்துக்கு 2 புள்ளியும் அதன்பின் நிமிடத்துக்கு 5 புள்ளியும் தண்டம். ஆகவே 9:06-க்கு வருபவர் 2 புள்ளியை இழக்க, 9:02-க்கு வருபவர் 7 புள்ளியை இழக்கிறார். சாவடிகள் எங்கே உள்ளன என்பது முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லையாதலால், தடம் முழுவதும் கணக்கு பிசகாமல் ஓட்டியாக வேண்டும்.

இக்கணக்கை எளிதாக்க, பழகியவர்கள் கையாளும் வழி ஒன்றுண்டு. 34-ஆம் வரிசையில் நிற்பவர் தமது கடிகாரத்தை 34 நிமிடம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டால், கிளம்பும் கணத்தில் அது 8 மணியைக் காட்டும். அதன்பின் ஹேண்டில்பாரில் பொருத்திய வழிச்சுருளில் உள்ள நேரங்களைக் கூட்டல் கழித்தல் இன்றி அப்படியே படித்துக்கொள்ளலாம். புதியவருக்கு இன்னொரு செய்தியும் ஆறுதல் தரும்: சாவடியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால்தான் அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறார். எனவே வழுக்கி விழுந்த இரண்டு நிமிடத்தை உடனே ஈடுகட்டிவிடத் துடித்து மறுபடி விழுவதைவிட, அந்த இரண்டு புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு மூச்சைச் சீராக்கிக்கொள்வதே ஆதாயமானது.

உடலைப் பொறுத்தவரை, புதியவர்களைப் பெரும்பாலும் வீழ்த்துவது முன்கை இறுக்கமாகும். பதற்றத்தில் கைப்பிடியை இறுகப் பற்றுவதால் முன்கைத் தசைகள் விறைத்து, விரல்கள் கிளட்சையும் பிரேக்கையும் இழுக்க மறுக்கும் நிலையையே இது குறிக்கிறது. முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்துப் பிடித்து, எடையைக் கால்தாங்கிகளில் இறக்கி, நின்றவாறு ஓட்டினால் கைகளுக்குச் சுமை குறைகிறது. முதல் அரை மணி நேரத்தைத் தம்மால் இயன்றதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் கடப்பதும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் முதுகுப்பையிலுள்ள நீரை இடையிடையே பருகுவதும், புதிய காலணியைப் பந்தய நாளில் முதன்முறையாக அணியாதிருப்பதும் இறுதி மைல்களில் பலனளிக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த உதிரிபாகங்களைவிட அடிப்படைச் சரிபார்ப்பே முக்கியமானது. பிரேக் பேடு, சக்கர பேரிங், ஆரக்கம்பி, செயின் ஆகியவற்றைச் சோதித்து, ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெயிட்டு, டயர்க் காற்றழுத்தத்தைத் தடத்துக்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் மிகக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி ட்யூப் கிழியும். மிகுந்தால் வேர்களின்மேல் டயர் பிடிப்பை இழக்கும். உபரி ட்யூப், டயர் லிவர், செயின் இணைப்புக்கண்ணி, ஸ்பார்க் பிளக், கிளட்ச் லிவர் ஆகியவை இடுப்புப்பையில் இருந்தால் மட்டும் போதாது. அவற்றைத் தம் கையாலேயே மாற்றிப் பழகியிருக்க வேண்டும்.

தடத்தில் நேரும் இடர்களுள் இரண்டைச் சற்று விரிவாகக் காண்பது பொருத்தம். ஓடையில் வண்டி சாய்ந்தால், ஏர் ஃபில்டர் வழியே நீர் புகுமுன் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். நீர் புகுந்துவிட்டது என்ற ஐயம் இருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் உள்ள நீர் காற்றைப் போல் அழுந்திக் கொடுக்காதாதலால், பிஸ்டனோடு இணைந்த தண்டு வளைந்துபோகக்கூடும். வண்டியைக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, என்ஜினைச் சுழலவிட்டு நீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரைப் பிழிந்து பொருத்திய பிறகே கிளப்ப வேண்டும்.

மற்றொன்று செங்குத்தான ஏற்றம். முன்னே சென்றவர் பாதியில் சிக்கியிருக்கையில் பின்தொடர்ந்து ஏறினால் இருவருமே சிக்குவர் என்பதால், அடிவாரத்தில் நின்று வழி திறக்கும் வரை காத்திருப்பதே உண்மையில் நேரத்தைச் சேமிக்கிறது. தாமே நடுவில் நின்றுவிட நேர்ந்தால், முன் பிரேக் மட்டும் வண்டியைத் தாங்காது; எடை பின்சக்கரத்துக்கு மாறிவிடுவதால் முன்சக்கரம் இழுபட்டுச் சறுக்கும். என்ஜினை நிறுத்தி, கியரில் இருக்கும்போதே கிளட்சை விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிறகு கிளட்சைச் சிறிது சிறிதாக இழுத்து விட்டு, வண்டியைக் குறுக்காகத் திருப்பி இறக்கலாம். பின்னாலிருந்து விரைபவர் குரல் கொடுத்தால், பதறி ஒதுங்காமல், அகலமான அடுத்த இடத்தில் வழிவிடுவதே முறை.

இவற்றையெல்லாம் கற்றவருக்கும் போட்டி கருணை காட்டுவதில்லை. 1964-இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் நடந்த ஆறு நாள் போட்டியில் அமெரிக்க அணியில் ஓட்டிய திரை நடிகர் ஸ்டீவ் மெக்வீன், மூன்றாம் நாளிலேயே விலக நேர்ந்தது. ஆறு நாள் போட்டியின் இன்றைய பதக்க முறையும் கவனிக்கத்தக்கது: தம் பிரிவில் முதலிடம் பெற்றவரின் நேரத்துக்கு 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்குத் தங்கம் உண்டு, அதில் தவறி, அடுத்த எல்லையாகிய வெள்ளியிலும் தவறி, ஆறு நாளையும் முடித்துவிடுபவருக்கு வெண்கலம் உண்டு. முடிப்பதையே ஒரு தகுதியாகப் பதக்கம் கொடுத்து ஏற்கும் விளையாட்டில், முதல் பந்தயத்துக்கு வருபவர் இலக்காகக் கொள்ள வேண்டியதும் அதுவே. வேகத்தைப் பற்றி அவர் கவலைப்படத் தொடங்க இரண்டாவது பந்தயம் இருக்கிறது.

(அடுத்த பகுதி: நொடிக்கணக்கில் வெற்றியைத் தீர்மானிக்கும் சிறப்புச் சோதனைத் தடங்கள்)