கில்காமேஷ் காப்பியத்தில் மதுவிற்பவளின் அறிவுரை: பாடமாற்றமும் பொருள்மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

சாவை வெல்ல முடியாது. ஆதலின் உள்ள வாழ்வை மகிழ்ந்து வாழ்க என்பதே கில்காமேஷ் காப்பியத்தின் செய்தி எனப் பல அறிமுக நூல்கள் கூறுகின்றன. இக்கருத்துக்கு அடிப்படையான மதுவிற்பவளின் அறிவுரை பழைய பாபிலோனியப் பாடத்தில் மட்டுமே காணப்படுகிறது. பிற்கால நிலைப்பாடத்தில் அது இல்லை. இவ்வறிவுரை பழம்பாடத்தில் பெறும் பொருளையும், அது விடுபட்டமையால் காப்பியத்தின் நோக்கில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கில்காமேஷ், எங்கிடு, மெசபடோமியா, பாடவேறுபாடு, நிலையாமை, அரசியல்பு

முன்னுரை

உரூக் நகரின் அரசன் கில்காமேஷ், மூன்றில் இரு பங்கு தெய்வமும் ஒரு பங்கு மனிதனும் ஆனவன். அவனது அடக்குமுறை தாளாத மக்களின் முறையீட்டைக் கேட்ட தெய்வங்கள், அவனுக்கு நிகராக எங்கிடு என்னும் காட்டு மனிதனைப் படைக்கின்றன. மற்போரில் தொடங்கும் அவர்களது உறவு நட்பாக முதிர்கிறது. இருவரும் கேதுருக் காட்டின் காவலன் ஹும்பாபாவைக் கொல்கின்றனர். விண்ணகக் காளையையும் வீழ்த்துகின்றனர். அதற்குத் தண்டனையாக எங்கிடு நோயுற்று இறக்கிறான். நண்பனின் சாவில் தன் சாவைக் கண்ட அரசன், ஊழிவெள்ளத்திற்குத் தப்பிச் சாவாமை பெற்ற ஊத்னபிஷ்டிமைத் தேடி உலகின் எல்லைவரை அலைகிறான். கடலோரத்தில் மது விற்கும் பெண் ஒருத்தியைச் சந்திப்பது இவ்வலைச்சலின் இடையில்தான்.

கதையை இவ்வாறு சுருக்கிச் சொல்வது எளிது. ஆயின் ‘கில்காமேஷ் காப்பியம்’ என்ற ஒற்றைப் பெயர், ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெவ்வேறு வடிவங்களில் வழங்கிய நூல்களைக் குறிக்கிறது. எந்தப் பாடத்தைக் கொண்டு எந்தக் கருத்து சொல்லப்படுகிறது என்பதை நோக்காமல் காப்பியத்தின் ‘செய்தி’யை உரைப்பது பிழையில் முடியும்.

பாடங்களின் வரலாறு

மிகப் பழைய அடுக்கு, சுமேரிய மொழியிலுள்ள தனித்தனிக் கதைப்பாடல்கள். அவ்வகையில் ஐந்து கிடைத்துள்ளன. அவற்றில் எங்கிடு பெரும்பாலும் கில்காமேஷின் பணியாளாகவே வருகிறான். அவனை அரசனுக்கு இணையான நண்பனாக ஆக்கியது அக்காதிய மொழிக் காப்பியம். ஆண்டானின் துயரம் நண்பனின் துயரமாக மாறியதனால்தான் பணியாளின் இறப்பு பேரரசன் ஒருவனை நாடு துறக்கச் செய்யும் நிகழ்ச்சியாக வளர முடிந்தது. காப்பியம் பிறந்த இடமே இதுவெனலாம்.

அக்காதிய வடிவங்களுள் முந்தையது, ஏறத்தாழ கி.மு. 18, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பழைய பாபிலோனியப் பாடம். ‘அரசர் அனைவரிலும் மேம்பட்டவன்’ என்னும் தொடக்கத் தொடரே அதன் பெயராக வழங்கியது. பிந்தையது, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்று, சின்-லெகி-உன்னின்னி என்பவர் பெயரால் மரபில் அறியப்படும் பன்னிரு பலகைகள் கொண்ட நிலைப்பாடம். இதன் பெயர் ‘ஆழத்தைக் கண்டவன்’. முந்தைய நூலின் தொடக்கத்திற்கு முன்னே 28 அடிகளில் ஒரு புதிய பாயிரம் சேர்க்கப்பட்டதே இப்பெயர் மாற்றத்திற்குக் காரணம். ஒப்பற்ற அரசன் என்ற அறிமுகத்திற்கு முன்னர் அறிவு பெற்றவன் என்ற அறிமுகம் வந்து நிற்கிறது.

நினிவேயில் அசூர்பனிபாலின் நூலகத்திலிருந்து கிடைத்த ஆப்பெழுத்துப் பலகைகளில் நிலைப்பாடத்தின் படிகள் இருந்தன. அவற்றில் ஊழிவெள்ளக் கதையை இனங்கண்ட ஜார்ஜ் ஸ்மித் 1872 டிசம்பரில் லண்டனில் அதனை அறிவித்தார். விவிலியத்தின் நோவா கதையோடு அது ஒத்திருந்ததால் ஏனைய பகுதிகள் நெடுங்காலம் வெள்ளக் கதையின் நிழலிலேயே படிக்கப்பட்டன. 1902-இல் புருனோ மைஸ்னர் ஒரு பழைய பாபிலோனியப் பலகைத் துண்டை வெளியிட்டார். மதுவிற்பவளின் அறிவுரை கற்றோர்க்குத் தெரியவந்தது அதன் வாயிலாகவே. அதே பலகையின் மற்றொரு துண்டு பின்னர் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அடையாளம் காணப்பட்டது.

பழம்பாடத்தில் அறிவுரை

இப்பலகையில் அவள் கூறுவதன் சாரம் இது: மனிதரைப் படைத்தபோது தெய்வங்கள் சாவை அவர்களுக்கு ஒதுக்கி, வாழ்வைத் தம் கையில் வைத்துக்கொண்டன. ஆதலின் அவன் வயிறார உண்ணவேண்டும். இரவும் பகலும் மகிழ்ந்து ஆடவேண்டும். தூய ஆடை உடுத்தித் தலை கழுவி நீராடவேண்டும். தன் கையைப் பற்றும் குழந்தையை நோக்கவேண்டும். மனைவியைத் தழுவி மகிழ்விக்கவேண்டும்.

தனியே எடுத்துப் படித்தால் இது இன்பநாட்டக் கொள்கையாகத் தோன்றும். கேட்பவன் நிலையோடு பொருத்தினால் வேறொன்று புலப்படுகிறது. கில்காமேஷ் எங்கிடுவின் உடலை அடக்கத்திற்குக் கொடாமல், மூக்கிலிருந்து புழு விழும்வரை ஏழு பகலும் ஏழிரவும் வைத்திருந்தவன். அதன்பின் விலங்கின் தோல் போர்த்துக் காட்டுவெளியில் திரிபவன். ஊணும் உடையும் நீராட்டும் அவன் துக்கத்தில் கைவிட்டவை. அறிவுரை அவற்றையே ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறது. துக்கம் காப்பவனை மீண்டும் இல்லத்திற்குள் அழைத்துவரும் சொற்கள் இவை. குழந்தையும் மனைவியும் இறுதியில் வைக்கப்பட்டிருப்பதும் அதனால்தான்.

கில்காமேஷ் இதனை ஏற்றானா என்பது அடுத்த வினா. ஏற்கவில்லை. நண்பனுக்காகத் தன் நெஞ்சு நோகும்போது இவ்வாறு பேசுவதேன் என்று கேட்டுவிட்டு வழி தேடுகிறான். பழம்பாடத்திலும் அறிவுரை, தலைவன் மறுத்த ஒரு கருத்தாகவே நிற்கிறது. அதைக் காப்பியத்தின் முடிந்த முடிபாகக் கொள்வோர், கேட்டவன் அளித்த விடையைக் கேளாதவர் ஆவர்.

நிலைப்பாடத்தில் நேர்ந்தது

நிலைப்பாடத்தின் பத்தாம் பலகையிலும் இதே சந்திப்பு உண்டு. இங்கு அவளுக்குச் சிதூரி என்ற பெயரும் உண்டு. வருபவன் கொலைஞனோ என அஞ்சிக் கதவைத் தாழிடுகிறாள். கன்னம் குழிந்து முகம் வாடியது ஏன் என வினவுகிறாள். அவன் எங்கிடுவின் சாவைக் கூறித் தானும் அவ்வாறே கிடக்க நேருமோ எனப் புலம்புகிறான். உடனே வழி கேட்கிறான். அறிவுரை வரவேண்டிய இடம் இது. பலகை சிதைந்ததால் அது மறைந்தது எனக் கொள்ள இடமில்லை. புலம்பலும் வழிகேட்டலும் இடைவெளியின்றித் தொடர்கின்றன. கடலைக் கடந்தவன் கதிரவத் தெய்வமாகிய ஷமாஷ் அன்றி வேறெவருமில்லை என்றும், இடையில் சாவுநீர் உள்ளது என்றும் சொல்லி, ஓடக்காரனைச் சுட்டுவதோடு சிதூரியின் பங்கு முடிகிறது.

‘சிதூரியின் அறிவுரை’ என்று இன்று பரவலாக வழங்கும் தொடர் இருபாடங்களின் கலப்பு என்பது இதனால் விளங்கும். பெயர் ஒரு பாடத்திலிருந்தும் அறிவுரை இன்னொன்றிலிருந்தும் வந்தவை; பழம்பலகையில் அவள் பெயரற்றவள். சிதைவுகளை நிரப்பி ஒரே கதையாகத் தரும் மொழிபெயர்ப்புகள் இக்கலப்பை வாசகர்க்குச் சொல்லாமலே செய்துவிடுகின்றன. பொதுவாசிப்புக்கு அது பொறுக்கத்தக்கது, ஆய்வுக்கு அன்று. ஆண்ட்ரூ ஜார்ஜ் 2003-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வுப்பதிப்பு ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே தருவது இவ்வகையில் பயனுடையது.

நிலைப்பாடத்தில் அறிவுரை கூறும் பொறுப்பு ஊத்னபிஷ்டிமிடம் செல்கிறது. பொருளும் மாறுகிறது. அவர் முதலில் அரசனுக்கும் பேதைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்கிறார். அரசனாகப் பிறந்தவன் நாடோடியாகத் திரிவது தகாது என்பது அதன் குறிப்பு. பின்னரே சாவைப் பற்றிப் பேசுகிறார். சாவின் முகத்தைக் கண்டவர் இல்லை. மனிதர் வீடு கட்டுகின்றனர், உடைமைகளைப் பங்கிடுகின்றனர். ஆற்றுநீரில் மிதக்கும் ஈ போல அவர் வாழ்வு திடீரென இல்லாதாகிறது. உண், ஆடு, மகிழ் என்ற சொல் எதுவும் இங்கில்லை. இல்லற மனிதனுக்குச் சொல்லப்பட்டது அரசனுக்குச் சொல்லப்படுவதாக மாறியிருக்கிறது.

புதிய பாயிரமும் இத்திசையிலேயே செல்கிறது. வெள்ளத்திற்கு முற்பட்ட செய்தியைக் கொணர்ந்தவன், தன் பாடுகளைக் கல்லில் பொறித்தவன் என அது கில்காமேஷைப் புகழ்கிறது. பிற்கால உரூக்கில், இறைவனை ஆற்றுவிக்கும் புலம்பற்பாடல்களைப் பாடும் பூசாரிக் குடும்பம் ஒன்று சின்-லெகி-உன்னின்னியைத் தன் முன்னோராகக் கொண்டிருந்தது. எழுத்தும் சடங்கும் தொழிலாகக் கொண்டோர் போற்றிய நூலில், மதுக்கடையில் கேட்ட அறிவுரையினும் கல்லில் எழுதிய அறிவு மேலிடம் பெற்றது வியப்பன்று.

இளமை மீட்கும் செடியைப் பாம்பிடம் இழந்த கில்காமேஷ், பதினோராம் பலகையின் முடிவில் ஓடக்காரனோடு உரூக் வந்து நகர மதிலை ஏறிப் பார்க்கச் சொல்கிறான். பாயிரத்தில் வாசகனை நோக்கிச் சொல்லப்பட்ட அதே அடிகள் அங்கே அரசன் வாயில் வருகின்றன. தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் இவ்வமைப்பை நோக்கிப் பலர் காப்பியம் இங்கேயே முடிவதாகக் கொள்வர்.

பன்னிரண்டாம் பலகை, சுமேரியப் பாடல் ஒன்றன் பிற்பகுதியின் மொழிபெயர்ப்பு; எங்கிடு அதில் மீண்டும் உயிரோடு வருவதால் ஒட்டாத பிற்சேர்க்கை என ஒதுக்கப்படுகிறது. கதைத்தொடர்ச்சி இல்லை என்பது உண்மையே. ஆயினும் விடுபட்ட அறிவுரையோடு வைத்துப் பார்க்கையில் அப்பலகை கவனத்திற்குரியது. பழம்பாடத்தில் கையைப் பற்றி நின்ற குழந்தை, இங்கே இறந்த தந்தைக்குப் படையல் இடும் மகனாக வருகிறான். கீழுலகில் ஒரு மகனைப் பெற்றவன் அழுதிருக்கிறான். மக்கள் எண்ணிக்கை கூடக்கூட ஆவியின் நிலை உயர்கிறது. எழுவரைப் பெற்றவன் இளைய தெய்வங்களிடையே அமர்கிறான். கடைசியாகக் கில்காமேஷ் கேட்பது படையலிட எவருமற்ற ஆவியைப் பற்றி. அது பானையில் ஒட்டிய வழிப்பையும் தெருவில் எறிந்த அப்பத்துண்டுகளையும் உண்கிறது என்ற விடையோடு பன்னிரண்டாம் பலகை நின்றுவிடுகிறது.